கணக்கும் காவலும்: இலங்கையின் அணுப்பொருட் சட்டம் பற்றியோர் ஆய்வு

2021 ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் அம்பாந்தோட்டைத் துறைமுகத்தினுள் ஒரு கப்பல் புகுந்தது. ரொட்டர்டாமிலிருந்து சீனத்துக்குச் செல்லும் வழியில், இடையில் நேர்ந்த கோளாறு காரணமாக அங்கு ஒதுங்கிற்று என்பது செய்தி. அக்கப்பல் சுமந்து சென்ற பண்டங்களுள் யுரேனியம் எக்சாபுளோரைட்டு என்னுஞ் சேர்வையும் ஒன்று. அணு எரிபொருளைச் செறிவாக்கும் ஆலைகளுக்குச் செல்வது அது. ஈரக்காற்றுப் பட்டாற் கொடிய அமிலத்தை உமிழ்வது. இத்தகைய சரக்கு வருகின்றதென்று இலங்கை அணுசக்தி ஒழுங்குபடுத்தற் பேரவைக்கு எவரும் முன்னறிவிக்கவில்லை, அனுமதியும் பெறவில்லை. உண்மை வெளிப்பட்டதும் பேரவை கப்பலை வெளியேறப் பணித்தது. கப்பல் சென்றது. பாராளுமன்றத்தில் வாதம் எழுந்தது. பத்திரிகைகள் சில நாள் எழுதின. பின்னர் யாவரும் வேறு கவலைகளுக்குத் திரும்பினர்.

இந்நிகழ்ச்சியைப் பற்றி இருவகைக் கருத்துக்கள் அன்று வழங்கின. சட்டம் தன் கடமையைச் செய்தது என்று மகிழ்ந்தோர் ஒரு சாரார். நாடு திறந்த வீடாகிவிட்டது என்று வருந்தியோர் மற்றொரு சாரார். இவ்விரண்டும் பாதி உண்மையே எனலாம். வெளியேறு என்று சொல்லும் அதிகாரம் பேரவைக்கு இருந்தது, அது நற்பேறு. ஆனால், அவ்வதிகாரத்தைச் செலுத்துவதற்கு வேண்டிய அறிவு, கப்பல் உட்புகுந்த பின்னரே வந்தது. வாயிலில் வலிய காவலன் நிற்கிறான். வருபவர் யார் என்று சொல்லும் ஏடு மட்டும் அவன் கையில் இல்லை. நம் நாட்டின் அணுப்பொருட் சட்டத்தை ஆராயப் புகுவோர்க்கு இந்நிலையே தக்க தொடக்கமாகும். காவல் பற்றி அதிகம் பேசுகிறோம். கணக்கைப் பற்றிப் பேசுவாரைக் காணோம்.

சட்ட வரலாறு நீண்டதன்று. சர்வதேச அணுசக்தி முகவரகம் தோன்றிய 1957 ஆம் ஆண்டிலேயே இலங்கை அதில் உறுப்புரிமை பெற்றது. 1969 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டம் அணுசக்தி அதிகாரசபையை நிறுவிற்று. அணுவாயுதப் பரவற்றடை ஒப்பந்தத்தை 1979 இல் உறுதிப்படுத்திய நாம், முகவரகத்துடனான காப்பீட்டு உடன்படிக்கையை 1984 இல் நடைமுறைக்குக் கொணர்ந்தோம். இறுதியாக 2014 ஆம் ஆண்டின் 40 ஆம் இலக்கச் சட்டம் பழைய சட்டத்தை நீக்கி, இலங்கை அணுசக்திச் சபை, இலங்கை அணுசக்தி ஒழுங்குபடுத்தற் பேரவை என இரண்டு நிறுவனங்களை ஆக்கியது. 2015 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இவை பணியேற்றன.

இப்பிரிவினையே அச்சட்டத்தின் தலையாய சிறப்பு. நாற்பத்தைந்து ஆண்டுகளாக ஒரே அதிகாரசபை அணுவியலை வளர்க்கும் பணியையும், அதனைக் கட்டுப்படுத்தும் பணியையும் ஒருங்கே தாங்கியிருந்தது. தானே விதைத்துத் தானே களத்தில் நின்று அளந்து தானே வரியும் விதிப்பவன் நிலை அது. அவன் நேர்மையாளனாய் இருக்கலாம். ஆயினும் அவன் அளவை ஊரார் நம்பவேண்டுமென்று கேட்பது முறையன்று. 2014 ஆம் ஆண்டுச் சட்டம் வளர்ப்போரையும் அளப்போரையும் வேறுபடுத்தியது. இதில் நாம் அயல்நாட்டுக்கு முந்திக்கொண்டோம் என்பதையும் சொல்லுதல் தகும். இந்தியாவின் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் 1983 இல் நிருவாக ஆணையொன்றினால் அமைந்தது. தன்னாற் கண்காணிக்கப்படவேண்டிய துறையின் நிழலிலேயே நெடுங்காலம் இருந்தது. அதற்கு மாற்றாக 2011 இல் வந்த சட்டமூலம் நிறைவேறாமலே 2014 இல் வலுவிழந்தது. அவ்வாரியத்துக்குச் சட்டவழி நிலைபேறு 2025 டிசெம்பரில் நிறைவேறிய புதிய சட்டத்தினாலேதான் கிட்டிற்று.

எனினும், பிரித்ததனாலேயே சுதந்திரம் வந்துவிடாது. சபைக்கும் பேரவைக்கும் ஒரே அமைச்சர் பொறுப்பாயின், இரண்டுக்கும் பணம் ஒரே பெட்டியிலிருந்து வருமாயின், பிரிவினை தாளிலுள்ள கோடாக மெலிந்துபோகும். வேலி இருக்கிறது, பொட்டுகளை யார் அடைப்பது என்பதே கேள்வி.

இனிக் கணக்கு என்பது யாது? காவல் என்றதும் மதில், பூட்டு, துவக்கேந்திய காவலாளி என்பன மனக்கண்ணில் தோன்றும். கணக்கு என்றதும் தூசு படிந்த பேரேடு தோன்றும். எனவேதான் முன்னதற்குப் பணமும் புகழும் கிடைக்கின்றன. நம் கோயில்களில் திருவிழா நெருங்கும்போது நகைப்பெட்டி திறக்கப்படுவதைக் கண்டவர்க்கு இது எளிதில் விளங்கும். திறப்பு ஒருவரிடம், பெட்டி மற்றொருவர் பொறுப்பில். பழைய இடாப்பை ஒருவர் வாசிக்க, மற்றவர் ஒவ்வொன்றாய் எடுத்து வைப்பார். ஐயம் வந்தால் தராசு வரும். இடாப்பிலே பதியப்படாத நகை காணாமற் போனால் அது போனதென்று யாருக்குத் தெரியும்? பூட்டு உடையவுமில்லை, கள்வன் வரவுமில்லை. இருந்தது என்பதற்கே சான்றில்லை. ஏட்டில் ஏறாத பொருளைக் காவலன் காக்கமுடியாது.

அணுப்பொருட் கணக்கின் அடிப்படையும் இதுவே. ஓரிடத்தைப் பொருட்சமநிலைப் பரப்பு என வரையறுப்பர். தொடக்க இருப்பு, இடையில் வந்தது, இடையில் சென்றது, இறுதி இருப்பு ஆகிய நான்கையும் அளப்பர். முதலிரண்டின் தொகையிலிருந்து பின்னிரண்டையும் கழித்தால் ஏட்டின்படி மிகுதி பூச்சியமாதல் வேண்டும். நடைமுறையில் அது பூச்சியமாவதில்லை. குழாய்களிற் படிவது, துடைத்தெடுத்த துணியிற் செல்வது, அளவுகருவியின் பிழை எனப் பல காரணங்களால் எஞ்சும் தொகையைக் கணக்கில் வராப் பொருள் என்பர். நெல்லை அவித்துக் குற்றும் பெண்ணுக்கும் இவ்வளவு மூட்டைக்கு இவ்வளவு கழிவு என்ற ஒரு மதிப்பு உண்டு. கழிவு அம்மதிப்பைத் தாண்டினால் அவள் சுளகைப் பார்க்கமாட்டாள்; கோழியையும் அயல்வீட்டுப் பிள்ளையையும் பார்ப்பாள்.

இம்மதிப்பு எவ்வளவு முக்கியமானது என்பதற்கு அமெரிக்காவே சான்று. பென்சில்வேனியா மாநிலத்தில் அப்பல்லோ என்னும் ஊரில் இருந்த ஆலையில், 1965 இல் நடந்த கணக்கெடுப்பின்போது செறிவாக்கிய யுரேனியத்தில் ஏறத்தாழ 90 கிலோகிராம் கணக்கிற் பிடிபடவில்லை. அது களவு போயிற்றா, ஆலையின் நிலத்திலும் குழாயிலும் கழிவிலும் கலந்ததா என்ற வாதம் இன்றும் தீர்ந்தபாடில்லை. உயர்செறிவு யுரேனியத்தில் 25 கிலோகிராமளவு யுரேனியம் 235 இருந்தால் ஒரு குண்டுக்குப் போதும் என்பது முகவரகம் கொள்ளும் அளவு. புளுத்தோனியமாயின் 8 கிலோகிராமே போதும். உலகின் செல்வமிக்க நாடு, மதிலும் காவலும் குறையாத நாடு, தன் பொருள் எங்கே போயிற்று என்று சொல்லமாட்டாமல் நின்றது. குறைவுற்றது பூட்டன்று, தராசு.

சர்வதேச உடன்படிக்கைகளைப் படிக்கும்போது மற்றொரு நுட்பத்தையும் மனங்கொள்ளல் வேண்டும். முகவரகத்தின் காப்பீட்டு முறை, அரசுகளை ஐயுற்று எழுந்தது. அமைதிப் பணிக்கென்று வாங்கிய பொருளை ஓர் அரசு குண்டுக்குத் திருப்புகின்றதா என்பதே அதன் வினா. கள்வனை ஐயுறுவது வேறு முறை. 1980 இல் கையொப்பத்துக்கு வைக்கப்பட்ட பௌதிகப் பாதுகாப்புச் சமவாயம் பெரும்பாலும் நாடுகளுக்கிடையே கொண்டுசெல்லப்படும் பொருளையே கருதிற்று. உள்நாட்டிலுள்ள பொருளையும் நிலையங்களையும் தழுவுமாறு 2005 இல் திருத்தப்பட்டது. அத்திருத்தம் 2016 மே மாதத்திலேதான் நடைமுறைக்கு வந்தது. 2004 ஏப்பிரலில் ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபை இயற்றிய 1540 ஆம் இலக்கத் தீர்மானமோ, இப்பொருள்களைக் கணக்கிடவும் காக்கவும் தக்க சட்டங்களை ஆக்குதல் எல்லா அரசுகளினதும் கடன் என்றது. அரசைச் சந்தேகிக்கும் கணக்கும் கள்வனைச் சந்தேகிக்கும் கணக்கும் ஒரே பேரேட்டில் எழுதப்படலாம். ஆனால் எழுதுபவன் இரண்டு கேள்விகளையும் கேட்கத் தெரிந்தவனாயிருத்தல் வேண்டும். முன்னதற்கு ஆண்டறிக்கை பெரும்பாலும் போதும். பின்னதற்கு அன்றைய மாலைக் கணக்கு வேண்டும்.

எம்மிடம் என்ன இருக்கிறது, இவ்வளவு கவலைப்பட? அணு உலை இல்லை, செறிவாக்கும் ஆலை இல்லை என்று சிலர் வினவுவர். இவ்வினாவுக்கு விடை நம் மண்ணிலேயே கிடக்கின்றது.

இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுப் பணிக்கு முதல் இயக்குநராயிருந்தவர் ஆனந்த குமாரசுவாமி. கலைஞானியாக உலகறிந்த அப்பெருமகனார் இளமையில் மண்ணும் கல்லும் ஆராய்ந்த அறிவியலாளர். பலாங்கொடைப் பக்கத்து இரத்தினக்கல் மணலிற் கிடைத்த கரிய பாரமான கனியொன்று 1904 இல் அவர் முயற்சியால் அறிவுலகுக்கு வந்தது. தோரியம் மிக்கிருந்தமையால் அதனைத் தோரியனைற்று என்றனர். இலங்கையிலிருந்து சென்ற அக்கனியை இலண்டனில் இராம்சேயின் ஆய்வுகூடத்தில் ஆராய்ந்த ஒற்றோ ஆன் என்னும் செர்மானிய இளைஞர், 1905 இல் கதிர்த்தோரியம் எனும் புதுப்பொருளைக் கண்டார். இரசாயனத் தொழிலுக்கு ஆங்கிலம் பயில வந்த அவரை வாழ்நாள் முழுவதும் கதிரியக்கத்தில் ஈடுபடுத்தியது அக்கண்டுபிடிப்பே. 1938 இறுதியில் யுரேனிய அணுப்பிளவை வெளிப்படுத்தியவரும் அவரே. அணுயுகத்தின் வாயிலில் நம் ஈழத்துக் கல்லொன்றும் கிடந்தது. அக்கல் எவ்வளவு தோண்டப்பட்டது, எவ்வளவு கப்பலேறிற்று என்ற முழுக்கணக்கை நம் மாணவர் இன்று எந்தப் பாடநூலிலும் காணார்.

தோரியனைற்றினும் இன்று கருதத்தக்கது மொனசைற்று மணல். புல்மோட்டைக் கரையின் தாது மணலில் இல்மனைற்றே மிகுதி. உரூற்றைல், சிர்க்கன் ஆகியனவும் உள. மொனசைற்று நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆனால் இல்மனைற்றைப் பிரித்தெடுக்கும்போது எஞ்சும் கழிமணலில் மொனசைற்று செறிகின்றது. அயல்நாட்டு மொனசைற்றில் 8 முதல் 10 வீதம் வரை தோரியம் ஒட்சைட்டு உண்டென்பர். நம்முடையதும் ஏறக்குறைய அவ்வளவே என்று கொண்டால், காப்பீட்டு உடன்படிக்கை மாதிரியில் விலக்களிக்கப்படும் 20 தொன் தோரியம், சுமார் 250 தொன் மொனசைற்றுக்குச் சமமாகும். கழிமணற் குவியலில் இது பேரளவன்று.

இங்கேதான் சர்வதேச மாதிரியின் ஓட்டை தெரிகின்றது. தாதுவும் தாதுக்கழிவும் அணுப்பொருள் என்ற வரையறைக்குள் வாரா. தோரியமோ யுரேனியமோ கலந்த பொருளை அணுவாயுதமற்ற நாடொன்றுக்கு அனுப்பும்போது முகவரகத்துக்கு அறிவிக்கவேண்டும் என்ற விதி உண்டு. ஆயின் அணுசாராத தேவைக்கென்று அனுப்பினால் அறிவிக்க வேண்டியதில்லை. மொனசைற்றை வாங்குவோர் அருமண் உலோகங்களுக்காகவே வாங்குவதாகச் சொல்வர். பெரும்பாலும் அது மெய்யுமாகும். தோரியம் மட்டும் அருமண்ணுடன் ஒட்டிக்கொண்டு, ஒருவர் ஏட்டிலும் ஏறாமற் கடல் கடக்கும். சர்வதேச விதி நிறுத்தாத இடத்தில் நாட்டின் ஒழுங்குவிதி நிறுத்தவேண்டும். வந்த மணல் எவ்வளவு, பிரித்த இல்மனைற்று எவ்வளவு, கழிமணல் எங்கே குவிந்தது, அதில் மொனசைற்று வீதம் என்ன என்று ஆலைதோறும் எழுதச்செய்தல் கடினமன்று. கடினம் என்னவெனில், எழுதியதைச் சென்று அளந்து பார்க்கும் ஒருவரை அங்கு அனுப்புதல்.

தமிழ்நாட்டின் அனுபவம் இதற்கு எச்சரிக்கை. அங்கு மணவாளக்குறிச்சி முதலிய கரைகளில் இதே மணல் உண்டு. இல்மனைற்று முதலியன 2007 முதல் அணுசக்திச் சட்டத்தின் கட்டிலிருந்து விடுபட்டன, மொனசைற்று விடுபடவில்லை. ஒரே மணலில் ஒரு பங்கு கட்டற்றது, ஒரு பங்கு கட்டுற்றது! இவ்விரண்டையும் பிரித்துக் கணக்குக் காட்டவேண்டியவர் மணல் அள்ளுபவரே. பின்னர் எழுந்த முறைப்பாடுகளின் மேல் 2013 இல் தனியார் மணலெடுப்பை மாநில அரசு நிறுத்திற்று. 2025 பெப்ரவரியில் சென்னை உயர்நீதிமன்றம் மத்திய புலனாய்வுக்கு வழிவிட்டது. கணக்கை அன்றன்று பாராதவர்கள் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து நீதிமன்றத்திற் பார்க்கின்றனர். புல்மோட்டையின் கதையில் மற்றொரு பக்கமும் உண்டு. 1997 செப்ரெம்பரில் அக்கரையில் தாது மணல் ஏற்றிக்கொண்டிருந்த கப்பலொன்று தாக்கப்பட்டது. மணல்தானே என்று காவலை எளிதாக எண்ணுவோர் அதனை நினைவுகூர்வாராக.

அணுப்பொருள் என்னும் வரையறைக்குள் அடங்காத வேறொரு கூட்டமும் உண்டு. வைத்தியசாலைகளிலும் கைத்தொழில்களிலும் பயன்படும் கோபாற்று 60, சீசியம் 137 முதலிய கதிர்மூலங்களே அவை. குண்டு செய்ய இவை உதவா. ஆனால் மனிதரைக் கொல்ல உதவும். 1987 செப்ரெம்பரில் பிரேசிலின் கோயானியா நகரில் கைவிடப்பட்ட சிகிச்சை நிலையத்திலிருந்து சீசியக் கருவியொன்றைப் பழம் உலோகம் பொறுக்குவோர் எடுத்துச் சென்று விற்றனர். உள்ளிருந்த தூள் இருளில் நீலமாய் ஒளிர்வதைக் கண்டு உறவினர்க்கும் அயலார்க்கும் பகிர்ந்தனர். நால்வர் இறந்தனர், 249 பேரிடம் மாசு காணப்பட்டது, ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பரிசோதிக்கப்பட்டனர். 2010 இல் டெல்லி மாயாபுரியில் நிகழ்ந்தது இன்னும் நெருங்கிய பாடம். டெல்லிப் பல்கலைக்கழகம் 1968 இல் வாங்கி, 1985 இன் பின் பயன்படுத்தாது வைத்திருந்த கருவியை 2010 பெப்ரவரியில் ஏலத்தில் விற்றது. பழைய இரும்புக் கடையில் அது பிரிக்கப்பட்டது. ஒருவர் இறந்தார், பலர் நோயுற்றனர்.

இதில் ஒரு சிறு கணிப்பைச் செய்துபார்க்கலாம். கோபாற்று 60 இன் அரைவாழ்வு ஐந்தேகால் ஆண்டு. 42 ஆண்டுகளில் ஏறக்குறைய எட்டு அரைவாழ்வுகள் கழிகின்றன. இடையில் புதுமூலம் இடப்படாதிருந்தால் தொடக்க வலிமையில் ஏறத்தாழ 250 இல் ஒரு பங்கே எஞ்சியிருக்கும். அந்த எச்சமே உயிரைக் கொண்டது. அக்கருவியை வாங்கிய பேராசிரியர்கள் இளைப்பாறினர், எழுதுவினைஞர் மாறினர், அலுமாரி இடம்பெயர்ந்தது. கோபாற்று மட்டும் தன் நியதியை மறக்கவில்லை. மனிதரின் ஞாபகத்துக்கும் பொருளின் ஆயுளுக்கும் இடையேயுள்ள இவ்வகற்சியை நிரப்புவதே பேரேட்டின் பயன். இந்தியக் கணக்காய்வாளர் நாயகம் 2012 இல் வெளியிட்ட அறிக்கை, நாட்டிலிருந்த 57,443 எக்சு கதிர் மருத்துவ நிலையங்களுள் 5,270 மட்டுமே பதியப்பட்டிருந்தன என்றது. அவை மாயாபுரிக் கருவி போன்றனவல்ல. எனினும் பதிவேட்டின் உடல்நிலையை அவ்வெண்கள் காட்டிவிட்டன.

எம் பகுதிக்கு இவ்விடயம் புறக்கதையன்று. வடபகுதியில் முப்பதாண்டுப் போரில் வைத்தியசாலைகள் இடம்பெயர்ந்தன, ஆலைகள் கைவிடப்பட்டன, அலுவலகங்களின் ஏடுகள் எரிந்தன. 2000 ஆம் ஆண்டில் இச்சாவகச்சேரி நகரமே இடிபாடாய்க் கிடந்தது. அமைதி வந்தபின் முதலில் வளர்ந்த வணிகங்களுள் பழைய இரும்பு வணிகமும் ஒன்று. ஏ 9 வீதியால் தெற்கே சென்ற பாரவண்டிகளில் எது சென்றது என்று ஊரார் அறியார். அவற்றிற் கதிர்மூலம் இருந்தது என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல ஆதாரமும் இல்லை. இருந்திருந்தால் அறிய வழி இருந்ததா என்பதே நம் வினா. இன்று தெல்லிப்பழையிற் புற்றுநோய் வைத்தியசாலை இயங்குகின்றது. கதிர்வீச்சு நம் மக்களுக்கு உயிர்காக்கும் மருந்துமாம். ஆதலின் கருவிகள் வருவதைத் தடுப்பது நோக்கமன்று. வந்த கருவி ஓய்வுபெறும் நாளில் அது செல்லவேண்டிய இடமும், செல்வதற்கான செலவும் வாங்கும் அன்றே எழுதப்படல் வேண்டும். வாங்கும்போது விழா எடுக்கிறோம். அகற்றும்போது ஏலம் விடுகிறோம்.

நம் ஒழுங்குவிதிகளை ஆக்குவோர்க்கு முகவரகத்தின் மாதிரிகள் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளன. அவற்றைக் கொள்ளுதல் தவறன்று. ஆயினும் அணு உலைகளும் எரிபொருளாலைகளும் உடைய நாடுகளுக்கென நெய்த ஆடையை நமக்கு வெட்டும்போது எங்கே வெட்டுவது என்று தெரிதல் வேண்டும். உலைக்கான அத்தியாயங்கள் நீண்டும், கழிமணலுக்கும் துறைமுகத்துக்கும் பழைய இரும்புக்கும் உரியவை ஒவ்வொரு வரியாய்ச் சுருங்கியும் இருக்குமாயின், அது பிறர் வீட்டுக் கணக்கு. 2015 இல் இந்தியாவுடன் அணுசக்தி ஒத்துழைப்பு உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. 2022 இல் அணுமின் அடித்தளத்தை ஆராய முகவரகத்தின் குழு வந்தது. உலை என்றோ ஒருநாள் வரலாம். அதற்கு முன் உள்ளதை எண்ணிப் பழகுதல் நன்று. வள்ளுவர் அரண் என்னும் அதிகாரத்தை முடிக்குமிடத்தில், அரண் எத்துணைச் சிறந்ததாயினும் உள்ளிருப்போரிடம் வினைத்திறன் இல்லையேல் அது இல்லாததே என்று கூறியமை ஈண்டு நினைக்கத்தக்கது. பேரவைக்கு வேண்டிய உள்ளிருப்போர் பௌதிகவியலும் கணக்கியலும் ஒருங்கு பயின்ற இளைஞர். இக்கல்லூரியில் அவ்விரு வகுப்புகளும் அடுத்தடுத்த அறைகளில் நடந்தாலும், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்வாரைக் காண்பது அரிது.

இன்னொன்று மொழி. மூவிதழ் வடிவிலான கதிரியக்கக் குறியைப் பெரும்பாலோர் அபாயமென்று உணர்வதில்லை என்பது பல நாடுகளில் நடத்திய ஆய்வில் தெரியவந்தது. ஆதலால் 2007 இல் மண்டையோடும் ஓடும் மனிதனும் வரைந்த சிவந்த முக்கோணக் குறியொன்றை முகவரகம் அறிமுகப்படுத்தியது. கருவியைப் பிரிக்க முயல்வோன் கண்ணிற் படுமாறு அதனை உள்ளே பொறிக்கவேண்டும் என்பது திட்டம். படம் எந்நாட்டார்க்கும் பொது. படத்தைக் கண்டபின் செய்யவேண்டியது என்ன என்பதைச் சொல்ல மொழி வேண்டும். வர்த்தமானி மும்மொழியிலும் வெளிவருகின்றது. ஆனால் இரும்பு நிறுப்பவர் வர்த்தமானி வாங்குவதில்லை. தென்மராட்சியில் ஒரு பழைய இரும்புக் கடையின் தராசுக்கு மேல் அம்முக்கோணம் தொங்குமானால், அதன் கீழ் எழுதவேண்டிய தொலைபேசி இலக்கம் எவருடையது என்பதைப் பேரவை இப்போதே தீர்மானித்தல் வேண்டும். அவ்விலக்கத்தை நள்ளிரவில் எடுப்பவர் தமிழ் அறிந்தவராயிருத்தலும் வேண்டும்.